கண்ணாடித் தொட்டி ஒன்று, உள்ளடக்கத்துடன்

அரசு அலுவலகத்திலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் வாயிற்சீட்டு வேண்டும். உடைந்த நாற்காலிக்கும் வேண்டும், பழைய செய்தித்தாள் கட்டுக்கும் வேண்டும். இறந்துபோன மனிதர் ஒருவர் பொருட்காட்சிக்குப் புறப்பட்டால் அவருக்கு எப்படிச் சீட்டு எழுதுவது என்று மட்டும் விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. நான் யோசித்து எழுதினேன்: "கண்ணாடித் தொட்டி ஒன்று, உள்ளடக்கத்துடன்." மேலாளர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். என் முப்பத்துநான்கு ஆண்டுப் பணிக்காலத்தில் வாங்கிய முதல் பாராட்டு அது.

அப்போது நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் எழுத்தராக இருந்தேன். கல்லூரியின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். தஞ்சாவூருக்கு மேற்கே சில மணி நேர ரயில் பயணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறந்து வளர்ந்தது நீடாமங்கலத்தில். அப்பா ரயில்வே குமாஸ்தா. எங்களுக்கு நிலம் இல்லை; நிலத்தில் இறங்கி வேலை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்க்கிற சாதி என்று எங்களைச் சொல்லலாம்.

புதிய ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகத்தின் வெளியே பலகைகள் தமிழுக்கு மாறிவிட்டன, உள்ளே கோப்புகள் ஆங்கிலத்திலேயே தூங்கின. ஊர் ஊராக அரசுப் பொருட்காட்சி நடந்தது. துறைக்கு ஓர் அரங்கு. வேளாண்மைத் துறை புதிய குட்டை நெல்லை வைத்தது. மின்வாரியம் குழாய்த் தண்ணீர் விழும் பொம்மை அணை ஒன்றைக் கட்டியது. எங்கள் பங்குக்கு மனித உடல். தஞ்சாவூர்ப் பொருட்காட்சிக்கு ஒரு பெண் ஊழியரும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பிற்பகல் இரண்டு மணி நேரம் அரங்கில் உட்கார ஆள் தேவை. "நீங்க அந்தப் பக்கத்துக்காரங்கதானே" என்று என்னை அனுப்பினார்கள்.

திறந்து வைத்த அமைச்சர் எங்கள் தொட்டியின் முன்னால் நின்று நன்றாகப் பேசினார். தோலை நீக்கிப் பார்த்தால் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்றார். நானும் கைதட்டினேன். எல்லோரும் உள்ளே ஒன்று எனக் காட்டுவதற்காகத் திறக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி அன்றைக்கு எனக்கு எழவில்லை. எந்த மிராசுதாரும் எங்கள் தொட்டிக்குள் வந்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது. வரவும் முடியாது. அவர்களை உரிமை கோர ஆட்கள் உண்டு. இறந்த அன்றே வரிசையில் நிற்பார்கள்.

எங்கள் மனிதரை உரிமை கோர யாரும் வரவில்லை. கிழக்கேயிருந்து வந்த பாசஞ்சர் ரயிலில் நினைவின்றிக் கிடந்தவரை எங்கள் ஊர் நிலையத்தில் இறக்கினார்கள். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். பெயர் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது ஒரு துண்டு, அதில் சுற்றிய கருக்கரிவாள் ஒன்று. நெல் அறுக்கிற, ரம்பப் பல் வைத்த சிறிய அரிவாள். இறந்ததும் முறைப்படி அறிவிப்பு ஒட்டினோம். நான்தான் தட்டச்சு செய்தேன். ஆங்கிலத்தில் செய்தேன், மருத்துவமனைச் சுவரில் ஒட்டினேன். கெடு முடியும்வரை டெல்டாவின் எந்தச் சேரியிலிருந்தும் ஒருவரும் வந்து அதைப் படிக்கவில்லை. "உரியவர்கள் எவரும் இல்லை" என்று கோப்பில் எழுதி, அவரைத் துறைக்குப் பெற்றுக்கொண்டோம்.

தொட்டி ஆளுயரத்துக்கு நீண்டது. மருந்து நீர் லேசான தேநீர் நிறத்தில் இருக்கும். உடலின் வலப் பாதி திறந்து, நரம்பும் தசையும் நுரையீரலும் தெரியும்படி வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். இடப் பாதியை அப்படியே விட்டிருந்தார்கள்: தோல், தோள், ஒரு கண் இமை, ஒரு காது, கண்ணாடியை ஒட்டி மிதந்த ஓர் இடக்கை. இடுப்பில் வெள்ளைத் துணி. பெண்கள் நேரத்துக்கு முன்னால் அந்தத் துணியைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு இருந்தது. நுரையீரல் தெரியலாம், இடுப்பு தெரியக்கூடாது. நாகரிகம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கும் அரசிடம் ஒரு வரையறை உண்டு.

கோடைக்கடைசி அது. ஆற்றில் மணல்தான் ஓடியது. பகல் முழுக்க வெக்கை தகரக் கூரையிலிருந்து இறங்கி, அரங்குக்குள் மருந்து வாடையோடு கலந்து ஒரு மயக்கமாக நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் கண்ணயர்வேன். விழித்தால் எதிரே தேநீர் நிற நீரில் ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். இருவரில் யார் யாரைக் கனவு காண்கிறோம் என்று சில பிற்பகல்களில் குழம்பியிருக்கிறேன். ஊரிலேயே விளிம்புவரை நீர் நின்றது அந்தத் தொட்டியில் மட்டும்தான். வெளியே ஜனங்கள் நடக்கும் நிழல் கண்ணாடியில் விழும்போது அவர் மெல்ல எழுந்து கூடவே நடப்பதுபோலத் தோன்றும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள எங்கள் துறையின் அட்டெண்டர் வந்திருந்தார். தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வணக்கம்ண்ணே" என்பார். அடுத்த அரங்கில் மரணக் கிணறு. வட்டச் சுவரில் ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். அவர் ஓட்டும்போதெல்லாம் எங்கள் நீரில் சிறு அலை எழும்.

"நம்மாளுக்குத்தாம்மா கூட்டம்" என்பார் அட்டெண்டர். "பக்கத்துக் கெணத்துக்காரன் உசிரக் குடுத்து ஓட்டுறான், நம்மாளு சும்மாப் படுத்திருக்காரு. அவனுக்குப் பொறாமை."

மக்கள் பெரிய அப்பளத்தைக் கடித்துக்கொண்டே வருவார்கள். "டேய், ஈரல் பாரு" என்பார்கள். கல்லூரியில் மாணவர்கள் முதல் நாள் அந்தக் கூடத்துக்குள் நுழையும்போது வாய் பேசாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுப்பார்கள், சிலர் கும்பிடுவார்கள். அதே உடல்தான். மேலே ஒரு வண்ண விளக்கும், வாசலில் ஒரு சீட்டுக் கிழிப்பவரும் சேர்ந்தவுடன் அது வேடிக்கையாகிவிட்டது. பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கத்தானே அழைத்திருந்தோம். அழைப்புக் கடிதத்தின் வரைவும் என்னுடையதுதான்.

பொருட்காட்சி முடிய ஒரு வாரத்துக்கும் சற்று அதிகமாக இருந்தபோது அந்த அம்மாள் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெண்கள் கூட்டத்தோடு பஸ்ஸில் வந்திருந்தாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவள் மட்டும் நின்றாள். பிறகு தன் இடக்கையை விரித்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"தொடக்கூடாதும்மா" என்றேன்.

"தொடல. வச்சிப் பாக்குறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை; இந்தப் பக்கம் இவள் கை. இரண்டின் சுண்டுவிரலிலும், நடுக்கணுவுக்குக் கீழே, சாய்வாக ஒரே வெட்டுத் தழும்பு. இத்தனை நாள் அந்தக் கையின் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கண்டதில்லை. அந்தப் பாதிக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லை.

"நர்சம்மா, இவரு எந்த ஊரு?"

"நான் நர்ஸ் இல்லம்மா. ஆபீசுல எழுதுறவ."

"எழுதுறவங்களா? அப்ப இன்னும் நல்லாத் தெரியுமே. எந்த ஊரு?"

தெரியாது என்றேன். ரயில் விஷயத்தைச் சொன்னேன். எந்தத் திசை ரயில் என்று கேட்டாள். கையில் என்ன இருந்தது என்று கேட்டாள். கருக்கரிவாள் என்றதும் கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவரு எங்க வீட்டுக்காரரு."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. பயம். கோப்பில் நான் எழுதிய "எவரும் இல்லை" கண் முன்னால் வந்தது.

அவள் சொன்னது இதுதான். இரண்டு அறுவடைக்கு முன்னால் கூலி உயர்வு கேட்டு அவர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வயலில் கைகலப்பு ஆனது. போலீஸ் வந்ததும் ஆண்கள் வாய்க்கால் வாய்க்காலாகக் கலைந்து ஓடினார்கள். சிலர் சிறையிலிருந்து திரும்பினார்கள், சிலர் உறவுக்காரர் வீடுகளிலிருந்து. இவள் கணவர் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து இவள் தாலியோடு இருந்தாள். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டை இவளிடம் நீட்டுவதா, தாண்டிப்போவதா என்று நீட்டுகிறவர் கை ஒரு நொடி நிற்குமாம். "அந்த ஒரு நொடிக்குப் பயந்து நான் எங்கயும் போறதில்ல" என்றாள். "இங்க தட்டு நீட்ட மாட்டாங்கன்னுதான் வந்தேன்."

முகத்தைப் பாருங்கள் என்று நானே அழைத்துக்கொண்டு போனேன். பாதி முகம். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மரணக் கிணற்றில் வண்டி ஓடத் தொடங்கியது. நீர் அசைந்தது, முகமும் அசைந்தது.

"இவரு இல்ல" என்றாள்.

"நல்லாப் பாருங்கக்கா" என்றார் அட்டெண்டர். "மருந்துல கெடந்தா முகம் மாறும்."

"முகம் மாறும். காதுல கடுக்கன் போட்ட ஓட்ட தூந்துடுமா?"

"அது தூராது."

"இவருக்குக் காதே குத்தல. அப்ப இவரு இல்ல."

வெளியே போய் அப்பளக் கடைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நிம்மதியா துக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது. எனக்கு நிம்மதி. கோப்பு பிழைத்தது.

பெண்கள் நேரம் முடிவதற்குள் திரும்பி வந்தாள்.

"இவர இன்னும் எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க?"

"இங்க முடிஞ்சதும் அடுத்த ஊருக்குப் போகும். அப்பறம் அடுத்தது."

"அப்பறம்?"

"கெட்டுப் போற வரைக்கும்."

"எப்பக் கெடும்?"

நான் அட்டெண்டரைப் பார்த்தேன். "கெடாதுக்கா" என்றார் அவர், கொஞ்சம் பெருமையோடு. "நாம நல்லா வச்சிக்கிட்டா நூறு வருஷம்."

"நூறு வருஷமா!" என்றாள். "உசிரோட இருக்கறப்பகூட எங்காளுங்கள யாரும் இவ்வளவு நல்லா வச்சிக்கிட்டதில்ல." பிறகு சொன்னாள்: "குடுத்துடுங்க. நான் கொண்டுபோய்ப் பொதச்சிடுறேன்."

"அதான் உங்க ஆளு இல்லன்னு ஆயிடுச்சே" என்றார் அட்டெண்டர்.

"எங்காளு இல்லன்னு யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரரு இல்லன்னுதான் சொன்னேன்." சுண்டுவிரலை அட்டெண்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கதிரப் புடிச்சி அறுத்தவனுக்குத்தான் இந்த வெட்டு விழும். வரப்புல கொட புடிச்சி நின்னவனுக்கு விழாது. இது இருந்தா எங்காளுதான்."

நான் நடைமுறையை விளக்கினேன். விளக்குவது என் பழக்கம். யாராவது அழும்போதுகூட விளக்குவேன். உரிமை கோர உறவு வேண்டும். கெடு முடிந்துவிட்டது; ஆனாலும் தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனு, கிராமத்துக் கணக்குப்பிள்ளையான கர்ணத்திடமிருந்து உறவுச் சான்று, துறைத் தலைவரின் உத்தரவு இருந்தால் செய்யலாம். மனைவி என்று எழுதினால் எளிது என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அவள் கை தாலிக்குப் போயிருந்தது.

"அவரு செத்துட்டாருன்னு நானே கைநாட்டு வக்கிறதா? நாளைக்கு வாசல்ல வந்து நின்னாருன்னா?"

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தம்பின்னு எழுதுங்க."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இல்ல. அதனால என்ன? இருந்தா இந்த வயசுதான் இருக்கும்." தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "சுருக்க எழுதுங்கம்மா. தண்ணி வந்துட்டா வழி கெடயாது."

அந்த வழியை எனக்குத் தெரியும். நீடாமங்கலம் பிளாட்பாரத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். அவர்களுடைய இடுகாட்டுக்குப் பாதை இல்லை. கோடையில் வறண்ட வாய்க்காலின் தரையில் இறங்கிப் பாடையைத் தூக்கிப்போவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மிராசுதாரின் வயலைக் குறுக்கே தாண்ட வேண்டும். கூலிச் சண்டைக்குப் பிறகு அவர் அதற்கும் வேலி போட்டுவிட்டார். மேட்டூர் திறந்தாகிவிட்டது என்று அன்று காலை வானொலியில் கேட்டிருந்தேன். கல்லணை தாண்டி அவள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் அரசாங்கம் அசைய வேண்டும்.

மனுவை எழுதினேன். அவள் ஒரு பெயர் சொன்னாள். தம்பி பிறந்தால் வைக்க வேண்டும் என்று அவள் அம்மா யோசித்து வைத்திருந்த பெயராம். அதை மனுவில் எழுதினேன், இங்கே எழுதப்போவதில்லை. பணிக்காலத்தில் தெரிந்தே நான் எழுதிய பொய் இது ஒன்றுதான். தெரியாமல் எழுதியவை, "உரியவர்கள் எவரும் இல்லை" என்பது உட்பட, பதிவறையில் பூச்சி மருந்து போட்டுப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் அரங்கைப் பார்வையிட வந்தார். எங்கள் துறைத் தலைவர். கறாரான மனிதர், கெட்டவர் அல்ல. மனுவை நின்றபடியே படித்தார்.

"நான் இவருக்கு மரியாதைக் குறைவா எதுவும் செய்யல. உடல் குடுக்கறேன்னு யாரும் எழுதிக் குடுக்கறதில்ல. கெடைக்கறத வச்சித்தான் டாக்டர்கள உருவாக்கணும். என் பசங்களுக்கு முதல் வாத்தியாரே இவருதாம்மா."

"கல்லூரியில சரி சார்" என்றேன். "வாத்தியார டிக்கெட் போட்டுக் காட்டுவோமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணாடியில் முகத்தை அழுத்தி மூக்கைச் சப்பையாக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பளத் தூள் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து அதைத் தாமே துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இவருக்குத் தம்பின்னு... அந்தம்மாவுக்குத் தம்பின்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"மனுவில அப்படித்தான் இருக்கு சார்."

"கர்ணம் சான்று வரட்டும், கையெழுத்துப் போடுறேன். எப்படி வந்துதுன்னு கேக்கமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

மறுநாள் ஒரு நாள் விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து அவள் கிராமத்துக்குப் போனேன். வழியெல்லாம் வெடித்த வயல்கள், காத்துக் கிடந்தன. கர்ணம் தன் வீட்டுக் கூடத்தில் கணக்குப் பெட்டியோடு இருந்தார். அவள் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு நடைமுறை இருந்தது, எழுதப்படாதது.

கர்ணம் மனுவைப் படித்துச் சிரித்தார். "இவளுக்குத் தம்பியே கெடயாதும்மா. ஊருக்கே தெரியும்."

"சந்தோஷம் சார். அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. தம்பி கெடயாதுன்னு. எந்தப் பதிவேட்டைப் பாத்துச் சொல்றீங்கன்னு அதுல குறிப்பிடணும்."

"பிறப்புப் பதிவேடு இருக்கே."

"பாக்கலாமா?"

பிறப்பு இறப்புக் கணக்கு வைத்திருக்கும் கிராம முனிசீப் வீட்டிலிருந்து பதிவேடு வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பக்கங்கள், கரையான் தின்ற ஓரம். நான் விரலை வைத்துக்கொண்டே வாசித்தேன். அக்கிரகாரம், மேலத்தெரு, அக்கிரகாரம், பெரிய தெரு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்று ஆண்டுப் பதிவுகளில் சேரி என்ற சொல்லே இல்லை. அவள் பிறந்திருக்கக்கூடிய இன்னும் பழைய பக்கங்களையும் புரட்டினேன்; அங்கும் இல்லை.

"சார், இந்த மூணு வருஷமும் சேரியில ஒரு கொழந்தகூடப் பொறக்கலையா?"

கர்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தம்மாவே பொறந்ததாப் பதிவு இல்லையே. ஆனா வாசல்ல நிக்கிறாங்க. அவங்க நிக்கிறப்ப, தம்பி இல்லன்னு எதை வச்சி எழுதுவீங்க?"

நிலம் இருந்தால் பட்டாவில் பெயர் இருக்கும். குத்தகை இருந்தால் சாகுபடிக் கணக்கில் இருக்கும். இரண்டும் இல்லாதவர் எந்தக் கணக்கிலும் பிறப்பதில்லை. பிறந்ததாக யாரும் எழுதாத ஒருவரைப் பிறக்கவில்லை என்று நிரூபிக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. கர்ணத்துக்கு அது புரிந்தது. அவரும் நடைமுறை தெரிந்தவர். எனக்குள் ஒரு கெட்ட மகிழ்ச்சி எழுந்தது. அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

"ஆட்சி மாறினாலும் மாறுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே மையைத் தொட்டார். "நாளைக்கு எல்லாம் அண்ணன் தம்பின்னு வந்து நிப்பீங்க."

"வருவோம்" என்றாள் அவள் வாசலிலிருந்து. அவள் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

அதன்பின் நடந்தது முழுவதும் எனக்கு நீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோலத்தான் நினைவிருக்கிறது. சான்றைப் பார்த்துப் பேராசிரியர் கையெழுத்துப் போட்ட மறுநாள் விடிந்ததும், பொருட்காட்சி திறப்பதற்கு முன், அவரைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். அட்டெண்டர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "இந்த வாட போகாதும்மா. ஊற ஊறப் பழகினது" என்றார். கழுவி முடிக்கும்வரை "அண்ணே, கொஞ்சம் திரும்புங்க, அண்ணே, கையத் தூக்குங்க" என்று பேசிக்கொண்டே இருந்தார். பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றினோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. நான் அலுவலகத்துக்குப் போகிறேனா, ஊருக்குப் போகிறேனா, இறந்த ஒருவரின் உறவினராகப் போகிறேனா என்று புரியாத ஒரு மிதப்பு. ரயிலில் நினைவின்றி மேற்கே போனவர், லாரியில் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தார்.

அவள் கோடித் துணி வாங்கி வைத்திருந்தாள். உடன்பிறந்தவள் போர்த்த வேண்டிய புதுத் துணி. பெட்டியைத் திறந்ததும் மருந்து வாடை தெருவெங்கும் பரவியது. எல்லோர் கண்ணிலும் நீர். அழுதவர் யார், எரிச்சலில் துடைத்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வசதி எனக்கும் உதவியது. வாய்க்கரிசி போடும்போது அவள் தயங்கினாள். வலப் பக்கம் உதடு இல்லை. இடப் பக்க ஓரத்தில், உதடு மிச்சமிருந்த இடத்தில், பார்த்துப் பார்த்து வைத்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல. தெருவிலிருந்த மற்றவர்களும் வைத்தார்கள். நீட்டிய கைகளை நான் பார்த்தேன். பெண்கள், ஆண்கள், பெரும்பாலும் ஒவ்வொரு இடக்கையிலும் அதே சாய்வான வெட்டு. மயக்கம் தெளியாத என் கண்ணுக்கு ஒரே கை திரும்பத் திரும்ப வருவதுபோலிருந்தது.

வறண்ட வாய்க்காலில் இறங்கி நடந்தோம். காலடியில் மண் சூடாக, மிருதுவாகப் பொடிந்தது. இரண்டு கரையும் எங்கள் தலைக்கு மேலே இருந்தன. வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த மிராசுதாரின் காரியஸ்தர் தெரிந்தார். வாய்க்கால் பொதுப்பணித் துறையுடையது. அதில் நடக்க அவர் அனுமதி தேவையில்லை. தேவைப்பட்டால் சொல்லலாமென்று அந்த விதியை மனத்தில் தயாராக வைத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. பறை அடங்கிய ஒலியில் முன்னே போனது. புதைத்தோம். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அட்டெண்டர் இரண்டு பிடி போட்டார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வாய்க்காலின் வளைவில் சருகும் வைக்கோலும் நுரையுமாக ஏதோ தவழ்ந்து வந்தது. தண்ணீர். ஓசையில்லாமல், மண்ணை நக்கிக்கொண்டு, ஒரு கிழிந்த செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் காலைத் தொட்டது. யாரும் கரையேறவில்லை. கணுக்கால் நனையும்வரை நின்றோம். அது தேநீர் நிறத்தில் இருந்தது.

பொருட்காட்சி இன்னும் மூன்று நாள் நடந்தது. காலித் தொட்டியில் வண்ணம் பூசிய பிளாஸ்டர் இதயம் ஒன்றை வைத்தோம். வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். "ஆளு எங்க?" என்று கேட்டார்கள்.

"ஊருக்குப் போயிருக்காரு" என்றார் அட்டெண்டர்.

கல்லூரி வாயிலில் தொட்டி திரும்பி வந்தபோது காவலாளி சீட்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ளடக்கத்துடன்" என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அதற்கு யாரும் என்னைப் பாராட்டவில்லை. அடுத்த ஆண்டுப் பொருட்காட்சிக்கு உடல் அனுப்பும்படி வந்த கடிதத்துக்கு, பேராசிரியர் சொல்ல, "மாதிரி உருவங்கள் மட்டும் அனுப்ப இயலும்" என்று பதில் எழுதினேன். அவர் காலம் முடியும்வரை அப்படியே நடந்தது. அவருக்குப் பின் வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது.

அவளிடம் விடைபெற்றதைச் சொல்லவில்லை. வாய்க்காலில் நின்றிருந்தபோது நான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் சில பிற்பகல்களில், நாற்காலியில் கண்ணயரும்போது, அந்தக் கேள்வி என் குரலிலேயே திரும்பி வருகிறது. உங்கள் வீட்டுக்காரரும் எங்காவது இப்படி ஒரு தொட்டியில், யாரும் இல்லை என்று எழுதப்பட்டு, என்று தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினேன்.

அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். தாலி வெளியே தெரிந்தது. நெற்றியில் குங்குமம், வேர்வையில் கொஞ்சம் கரைந்து.

"இருந்தா வந்துடுவாரும்மா" என்றாள். "இல்லாட்டி, அந்த ஊர்லயும் எவளாவது ஒருத்தி தம்பின்னு சொல்லிக் கேட்டு வாங்கியிருப்பா."